குடை பிடிக்கும் வேலை

மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு நானும் என் மனைவியும் சென்னையை விட்டு வெளியே போய் வருவது ஏழு ஆண்டுகளாக நடந்துவருகிறது. அவள் பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியை. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். மகள் கல்லூரி விடுதிக்குப் போய், மகன் பாட்டி வீட்டில் ஓரிரவு தங்கச் சம்மதித்த பிறகே இது கைகூடியது. போகும் இடத்தில் அவள் உட்கார்ந்து வரைவாள். அங்கே நிழல் இருந்தால் எனக்கு வேலையில்லை. இல்லாவிட்டால், மேற்கு மாம்பலத்தில் வாங்கிய பெரிய கறுப்புக் குடையை அவள் தலைக்கும் தாளுக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பது என் பொறுப்பு. ஒன்றேகால் மணி நேரம் அசையாமல் நிற்பவனுக்கு எதிரில் இருப்பதைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதால், சிற்பம், ஓவியம் பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சமும் இந்த வேலையின் வழியாக வந்து சேர்ந்ததுதான்.

முதல் பயணம் படுதோல்வி. கத்தரி வெயில் தொடங்கிய வாரத்தில், பள்ளிக்கு விடுமுறை என்ற ஒரே காரணத்துக்காக, மாமல்லபுரத்துக்குப் போனோம். நண்பகலில் ஐந்து ரதங்களின் மணலில் நிற்க முடியவில்லை. கல்லைத் தொட்ட கையை உடனே எடுக்க வேண்டியிருந்தது. உச்சிவெயிலில் சிற்பங்களின் மேடுபள்ளமெல்லாம் மறைந்து, எல்லாம் வெளுத்த ஒரே தளமாகத் தெரிந்தன. அவளுக்கு ஒற்றைத் தலைவலி வந்துவிட்டது. “இந்த நாளைத் தேர்ந்தெடுத்தது யார்?” என்ற கேள்விக்கு இருவரிடமும் நல்ல பதில் இல்லாததால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூர் வரும்வரை ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. அன்றிரவு அவள் சொன்ன ஏற்பாட்டைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறோம்: விடுமுறையைப் பார்த்து ஊரை முடிவு செய்யக் கூடாது, அந்த மாதத்தின் வானத்தையும் வெளிச்சத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

சென்னையில் பருவம் ஏது, வெயில், கடும் வெயில், கொடும் வெயில் என்ற மூன்றுதானே என்று கேலி செய்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கேலியைச் செய்தவன்தான். ஆனால் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பகுத்த பழந்தமிழ்க் கணக்கு நம் தொண்டை மண்டலத்துக்கு இன்றும் பெருமளவு பொருந்துகிறது என்பதை, நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனால் கண்ணாலேயே காணலாம். சில இடங்களில் கணக்கு பிசகத்தான் செய்கிறது. கொன்றையைக் கார்காலத்துப் பூவாகப் பாடியது சங்க மரபு. எங்கள் தெருமுனைக் கொன்றையோ சித்திரையில் சரம் சரமாகப் பூத்து நிற்கிறது. இதற்கு விளக்கம் தேடுவதைவிட, இரண்டு காலத்திலும் அதைப் போய்ப் பார்த்துவிடுவது என் மனைவியின் வழி.

மாமல்லபுரத்துக்கு மறுபடி போனது கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் கொட்டிவிட்டு இடைவெளி விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, விடியுமுன் புறப்பட்டு ஆறரை மணிக்கெல்லாம் அர்ச்சுனன் தபசு என்று அழைக்கப்படும் பெரும்பாறையின் முன் நின்றோம். ஏறத்தாழ 29 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் கொண்ட அப்பாறை கிழக்கு நோக்கியது. ஆகவே காலை வெயில் தாழ்வாக வந்து அதன்மேல் படும்போது ஒவ்வோர் உருவத்துக்கும் ஒரு விளிம்பும் ஒரு நிழலும் கிடைக்கின்றன. மேகம் வந்து மறைத்தால் அவை கல்லுக்குள் பின்வாங்கிக்கொள்கின்றன. மேகம் விலகினால் மறுபடி வெளியே வருகின்றன. கத்தரி வெயிலில் நாங்கள் பார்த்தது இதே பாறையைத்தான் என்று நம்புவதே கடினமாக இருந்தது.

பாறையின் நடுவே இயற்கையாக அமைந்த ஒரு பிளவு உண்டு. அதில் நாகர்கள் கைகூப்பி மேல்நோக்கி எழுகிறார்கள். தவம் செய்பவன் பாசுபதம் வேண்டிய அர்ச்சுனனா, கங்கையைக் கொணர்ந்த பகீரதனா என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். பாறை உச்சியில் தொட்டி கட்டி, அங்கிருந்து இந்தப் பிளவு வழியாக நீர் விழச் செய்திருக்கக்கூடும் என்பது அவர்களில் பலரின் கருத்து. அன்று காலை எட்டு மணியளவில் மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. சிறிது நேரத்தில் பாறை கருத்தது. பிளவின் வழியே மெல்லிய நீர்க்கோடொன்று இறங்கி நாகராசனின் படத்தை நனைத்தது. எனக்கு அந்த நொடியில் பகீரதன் கட்சி வென்றுவிட்டதாகத் தோன்றியது. “ஒரு தூறலில் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்களே” என்றாள் அவள், தாளைத் துணிப்பைக்குள் செருகியபடி.

மழைக்கு ஒதுங்க அருகிலிருந்த கிருஷ்ண மண்டபத்துக்குள் ஓடினோம். உள்ளே பாறையில் செதுக்கப்பட்டிருப்பது, இந்திரன் பெய்வித்த பெருமழையிலிருந்து ஆயர்களையும் ஆநிரைகளையும் காக்கக் கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடித்திருக்கும் காட்சி. சிற்பம் பல்லவர் காலத்தது. அதற்கு முன்னால் உள்ள தூண் மண்டபம் பின்னாளில் விசயநகர ஆட்சிக் காலத்தில் எழுப்பப்பட்டது. வெளியே மழை இரைந்துகொண்டிருக்க, உள்ளே மழைக்கு ஒதுங்கிய ஒரு கூட்டத்தோடு நாங்களும் நின்றோம். ஒருவன் பால் கறக்கிறான். பசு கன்றை நக்குகிறது. ஒருவன் குழந்தையைத் தோளில் ஏற்றியிருக்கிறான். மேலே மலை மிதந்துகொண்டிருப்பது பற்றிய கவலையே இல்லாமல் அவரவர் தத்தம் வேலையில் இருக்கிறார்கள். அங்கு எனக்குக் குடை பிடிக்கும் வேலை இல்லை. அதைக் கண்ணன் பார்த்துக்கொண்டான். முக்கால் மணி நேரத்தில் அவள் பசுவின் கழுத்து வளைவை மட்டும் பதினோரு முறை வரைந்தாள். அந்தப் பக்கத்தை இன்றும் அவளுடைய குறிப்பேட்டின் சிறந்த பக்கமாக நான் கருதுகிறேன், அவள் ஒப்புக்கொள்வதில்லை.

மழை விட்டதும் பெரும்பாறைக்குத் திரும்பினோம். ஒற்றைக் காலில் தவம் நிற்கும் பூனையையும் அதன் காலடியில் எலிகளையும் எல்லோரும் காட்டுவார்கள். அன்று அவள் எனக்குக் காட்டியது, பின்னங்காலால் தன் மூக்கைச் சொறிந்துகொள்ளும் மானை. பிறகு மேல் வரிசையைக் காட்டினாள்: வானத்தில் பறந்து வருபவர்கள் பெரும்பாலும் இணை இணையாகவே வருகிறார்கள். பாதி மனித உருவும் பாதிப் பறவை உருவும் கொண்ட கின்னரர்களும் அப்படித்தான். இரண்டு குழந்தைகளை வளர்த்த அலுப்பில் அருகருகே நடக்கவே மறந்துபோயிருந்த நாங்கள், அதைப் பார்த்துச் சற்றே சங்கடப்பட்டோம் என்பது உண்மை.

மார்கழி வந்தால் வேடந்தாங்கல். கச்சேரிப் பருவத்தில் சென்னையை விட்டு வெளியேறுவது மயிலாப்பூர் உறவினர்களுக்கு இன்னும் விளங்கவில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டுச்சாலை வரை போய் உள்ளே திரும்பினால், சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் அந்த ஏரி. பரப்பளவு 30 ஹெக்டேர்தான். மதுராந்தகம் ஏரியைப் பார்த்துவிட்டு வருபவருக்குக் குட்டைபோலத் தோன்றும். ஆனால் நீரில் நிற்கும் மரங்கள் ஒவ்வொன்றும் அடுக்குமாடிக் குடியிருப்பைப்போல நிரம்பியிருக்கும். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அறிந்திருந்த ஊரார், தலைமுறை தலைமுறையாக இவற்றைக் காத்து வந்திருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் முறையிட்டு, இங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்ற உறுதியைப் பெற்றவர்கள் அவர்கள். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் என்பது அனைவரும் அறிந்த செய்தி. 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இந்த ஏரி இடம்பெற்றது.

ஆண்டுதோறும் “வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன” என்று எழுதப்படுவதில் எனக்குச் சிறு மனக்குறை உண்டு. அங்கே கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சு பொரிக்கும் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், கூழைக்கடா ஆகியவை பெரும்பாலும் நம் நாட்டுப் பறவைகளே; மழையையும் நீரையும் பார்த்து இடம் மாறி வருபவை. தொலைதூர வடக்கிலிருந்து வருபவை வாத்து இனங்கள் போன்ற சிலவே. உள்ளூர்ப் பறவைக்கு மதிப்பில்லை என்பது போலிருக்கிறது இந்தப் பேச்சு. நத்தைகுத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். நத்தையை ஓட்டிலிருந்து எடுக்க அமைந்த கருவி அது. என் மனைவி அந்த இடைவெளியை வரையப் பென்சிலைத் தாளில் வைக்கவே இல்லை. சுற்றிலும் நிழலிட்டு, இடைவெளியை இடைவெளியாகவே விட்டாள்.

மாலை நான்கரை மணிக்குக் கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறிவிட வேண்டும். இரை தேடிப் போனவை திரும்பும் நேரம் அது. கூழைக்கடா இறங்கும்போது காலை முன்னே நீட்டி நீரின்மேல் சறுக்கிக்கொண்டு வந்து அமர்வதை முதன்முதலாகப் பார்த்தபோது, கின்னரரைச் செதுக்கிய சிற்பிகள் இந்த ஏரிகளின் கரையில் வளர்ந்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்று சொன்னேன். ஆதாரம் கேட்டாள். கணக்கு எழுதுபவனிடம் ஆதாரம் கேட்பது நியாயம்தான்; ஆனால் ரசீது இல்லை.

மறுநாள் காலை அங்கிருந்து உத்திரமேரூர் போவது எங்கள் வழக்கம். பனி முற்றும் விலகாத நெல்வயல்களின் நடுவே போகும் அந்தச் சாலையை மார்கழியில் பார்க்க வேண்டும். கதிர் வாங்கிய சம்பா, வரப்பெல்லாம் கொக்கு. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டதும், தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்ததும் பாடநூல் செய்திகள். எனக்குப் பிடித்தது வேறொரு விதி: வாரியம் எனப்பட்ட ஊர்க் குழுவின் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் போட்டியிட முடியாது. இதை நான் வாய்விட்டுப் படித்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது, அவள் விதியைக் கவனிக்கவே இல்லை. எழுத்துகளின் வடிவத்தைத்தான் படியெடுத்துக்கொண்டிருந்தாள். சுவர் முழுவதும் ஒரே உயரத்தில், ஒரே ஆழத்தில், திருத்த வழியில்லாத கல்லில் வெட்டப்பட்ட அந்த வரிகளுக்கு முன்னால், தன் மாணவர்களுக்கு அழிப்பான் கொடுப்பதைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டும் என்றாள்.

மாசியில் ஒருமுறை பழவேற்காடு போனோம். வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டி முடித்த ஜெல்டிரியா கோட்டையில் இன்று பார்க்க ஏதும் மிச்சமில்லை. ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாயிலில் இருபுறமும் எலும்புக்கூடு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உள்ளே குடும்பச் சின்னங்களும் பூவேலையும் நுணுக்கமாக வெட்டிய கற்பலகைகள். எனக்கு அந்த இடத்தில் நெடுநேரம் இருக்கப் பிடிக்கவில்லை. அவளுக்கு எலும்புக்கூடுகளைப் பிடித்திருந்தது. ஏரியில் பூநாரைகள் வெகு தொலைவில் ஓர் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. தலையைக் கவிழ்த்து அலகால் நீரை வடிகட்டி உண்ணும் அவற்றுக்கு அந்த நிறமே உணவிலிருந்துதான் வருகிறது. எங்கள் தொலைநோக்கி போதவில்லை. அந்தப் பயணத்தை இன்னொரு முறை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

கோடையில் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை கிடைக்க மூன்று ஆண்டுகள் ஆயின. கோடையில் அண்ணாந்து பார்க்கும் கலையைத் தேட வேண்டும். அதாவது, கூரையுள்ள கலையை. காஞ்சிபுரத்துக்கு அருகே, வேகவதி ஆற்றுக்கு அப்பால், திருப்பருத்திக்குன்றம் என்னும் சமண ஊர் இருக்கிறது. பட்டுச்சேலை எடுக்கக் காஞ்சிக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அங்கே போவதாகத் தெரியவில்லை. நாங்களும் இருபது ஆண்டு காலம் சேலைக் கடைக்கு மட்டும் போய்வந்தவர்கள்தாம். அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபம், விசயநகர அமைச்சரும் படைத்தலைவருமான இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டுவித்தது. அதன் விதானம் முழுவதும் ஓவியங்கள்: ரிஷபதேவர், வர்த்தமானர் ஆகியோரின் வாழ்க்கை, நேமிநாதரின் உறவினர் என்ற முறையில் கண்ணனின் கதை. நீண்ட பட்டைகளாகப் பிரித்து, ஊர்வலமும் ஆடலும் யானையும் பல்லக்குமாக வரிசையாக நகரும் காட்சிகள், கீழே விளக்கக் குறிப்புகளோடு.

சித்திரை இரண்டாம் வாரம், காலை பத்து மணிக்கே வெளியே தரை சுட்டது. மண்டபத்துக்குள் கல்தரை குளிர்ந்திருந்தது. கழுத்து வலிக்கப் பார்ப்பதைவிடப் படுத்துக்கொண்டு பார்ப்பது மேல் என்று அவள் கேட்க, அங்கிருந்த பெரியவர் தயங்கிவிட்டு, கால்களைச் சன்னதிப் பக்கம் நீட்டாமல் படுக்கச் சொன்னார். துண்டை விரித்து இருவரும் அண்ணாந்து படுத்தோம். படுத்தபடி பார்க்கும்போது ஓவியப் பட்டைகள் தலைக்கு மேலே ஓடும் தெருக்களாகிவிடுகின்றன. சிவப்பும் மஞ்சளும் கறுப்பு வெளிக்கோடும்தான் மேலோங்கித் தெரிந்தன. பழுதடைந்த பகுதிகளும் பல. பத்து நிமிடத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அத்தனை நல்ல தூக்கம் அந்தக் கோடை முழுவதும் வாய்க்கவில்லை.

விழித்தபோது அவள் வெளியே பிராகாரத்தில் ஒரு மரத்தின் அருகே நின்றிருந்தாள். அந்தக் கோயிலில் மேடை கட்டிப் போற்றப்படும் குரா மரம் அது. குரவம் இளவேனிலின் மரம் என்பது சங்கப் பாடல்களின் வழக்கு. பிரிந்து போனவர் திரும்பி வருவதாகச் சொன்ன பருவத்தை அறிவிக்கும் பூக்களில் அதுவும் ஒன்று. அன்று அதில் பூ இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை. அவள் வரைந்த படத்தில் இருக்கிறது; நேரில் பார்த்து வரைந்ததா, பாட்டைப் படித்து வரைந்ததா என்று கேட்டால் சிரிக்கிறாள்.

ஆனியிலும் ஆடியிலும் நாங்கள் தொலைவு போவதில்லை. ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டலம் கலைஞர் கிராமம் அரை நாளுக்குப் போதும். 1966இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து நிலம் வாங்கி, பத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருவாயில் ஓவியம் வரைந்து வாழ்ந்த இடம். அந்த ஏற்பாட்டின் வரவு செலவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு. கலையை விற்றுச் சோறு தேடாமல், கலைக்கான நேரத்தைக் கைத்தொழிலால் வாங்கியிருக்கிறார்கள். மாலையில் தென்றல்போல் கடற்காற்று எழும். அப்போது வளாகத்து மரங்களின் கீழே நிற்கும் சிற்பங்களிடையே நடக்கலாம். அவ்வளவுதான்.

எனக்கு மிகப் பிடித்த பயணத்தை இனிமேல்தான் சொல்லப் போகிறேன். பொங்கல் கழிந்த முதல் வாரக் கடைசியில், தைப் பனியில், பனைமலைக்குப் போவது அது. விழுப்புரத்தில் இரவு தங்கி, விடியற்காலையில் செஞ்சிச் சாலையில் போனால் முதலில் மண்டகப்பட்டு. முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த சிறு குகைக்கோயில் அங்கே இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் விசித்திரசித்தன் எடுப்பித்த கோயில் என்று அதன் வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது மன்னன் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயர்களில் ஒன்று. கோயில் மிகச் சிறியது. இருபுறமும் நிற்கும் வாயிற்காவலர்கள்தாம் பெரியவர்கள். எதைக் கொண்டு கட்டினேன் என்று பெருமை பேசும் கல்வெட்டுகளுக்கு நடுவே, எதெல்லாம் இல்லாமல் செய்தேன் என்று பட்டியலிடும் இந்தக் கல்வெட்டு எனக்கு உவப்பானது.

அங்கிருந்து கிராமச் சாலைகளில் போனால் பனைமலை. பெரிய ஏரியொன்றின் கரையில் சிறு குன்று. குன்றின்மேல் தாளகிரீசுவரர் கோயில். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் எழுப்பிய இராசசிம்மன்தான் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதையும் எழுப்பினான். நாங்கள் போன ஆண்டு வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்திருந்ததால் ஏரி கடலெனக் கிடந்தது. பனி நீர்மட்டத்தின்மேல் படிந்து, எதிர்க்கரைப் பனைகளின் தலைகள் மட்டும் தனியாக மிதந்தன. கோயில் திறக்கும்வரை ஒரு மணி நேரத்துக்குமேல் கரையில் உட்கார்ந்திருந்தோம். சாலையில் மிதிவண்டியில் போன அம்மா ஒருவரிடம் அவித்த பனங்கிழங்கு வாங்கி, நார் உரித்துத் தின்றபடி இருந்தபோது, என் மனைவி அந்தக் காலையில் எதையும் வரையவில்லை என்பதைக் கவனித்தேன். கேட்டதற்கு, பனியை வரைவது பென்சிலுக்குக் கட்டுப்படாது, வெள்ளைத்தாளையே சட்டமிட்டு மாட்டிவிடலாம் என்றாள்.

மேலே, கோயிலின் பக்கத்துச் சிறு சன்னதி ஒன்றின் உட்சுவரில் பல்லவர் கால ஓவியத்தின் எச்சம் இருக்கிறது. சிவன் ஆட, அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் உமை. ஆடும் சிவனில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. பார்ப்பவள் மட்டும் எஞ்சியிருக்கிறாள். உயர்ந்த மகுடம், ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கும் நிலை, சற்றே சரிந்த தலை, தாழ்ந்த பார்வை. தலைக்கு மேலே ஒரு குடை. சுண்ணச் சாந்தின்மேல் தீட்டிய நிறங்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளில் உதிர்ந்தும் மங்கியும் போனபின்பும், முகத்தின் கோடு தளரவில்லை. இதே மன்னனின் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில், சுற்றுச் சிற்றாலயங்களின் சுவர்களிலும் இத்தகைய எச்சங்கள் உண்டு. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் 1931இல் அவற்றை வெளி உலகுக்குக் கொண்டுவந்தார். இரண்டையும் பார்த்தவர்களுக்கு ஒரே பட்டறையின் கை என்ற எண்ணம் எழுவது இயல்பு.

சன்னதி குறுகியது. வாயில் வழியாக வரும் வெளிச்சம்தான் வெளிச்சம்; பிற்பகல் சாய்ந்துவிட்டால் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். தை மாதத்து முற்பகலில் குன்றின் கல்தரையில் பட்டுத் திரும்பும் மென்வெளிச்சம் உள்ளே பரவுகிறது. முதல் பதினைந்து நிமிடம் சுவரில் கறைகளைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. பிறகு குடை தெரிந்தது, அதன் கீழ் மகுடம், அப்புறம் முகம். கைவிளக்கு அடித்துக் காட்டவா என்று கேட்ட உள்ளூர் இளைஞரை என் மனைவி மரியாதையாகத் தடுத்துவிட்டாள். தானாகத் தெரிந்த முகமும் விளக்கில் தெரிந்த முகமும் ஒன்றல்ல என்பது அவளுடைய பிடிவாதம். இந்த ஒன்றில் நான் முழுமையாக அவள் பக்கம்.

சன்னதிக்குள் அவள் உட்கார இடமில்லை. வாயிலுக்கு வெளியே, நேர் வெயிலில், பாறைமேல் உட்கார்ந்து உள்ளே பார்த்து வரைந்தாள். தை வெயில் இதமானதுதான்; ஆனால் தாள் வெளுத்துக் கண்ணைக் கூசும். ஆகவே வழக்கம்போல் குடையை விரித்துக்கொண்டு நின்றேன். கீழே ஏரியில் பனி முழுவதும் விலகி, மதகிலிருந்து பாயும் வாய்க்காலின் இருபுறமும் அறுப்புக்குக் காத்திருந்த நெல் மஞ்சளாகத் தெரிந்தது. அதற்கப்பால் கரும்பும் மணிலா என்னும் நிலக்கடலையும். ஒரு கட்டத்தில் கைபேசியில் ஏரியைப் படமெடுக்கத் திரும்பியபோது குடை சரிந்து, தாளில் பாதி வெயிலாயிற்று.

“குடை எனக்கா, உங்கள் கைபேசிக்கா?” என்றாள்.

“உள்ளே இருக்கிறவளுக்குக் குடை பிடிப்பவனைப் பார், எங்கே நிற்கிறான் என்றே தெரியவில்லை. நானாவது தெரிகிறேன்” என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய், சுவரை மூக்கு படும் அளவுக்கு நெருங்கி நின்று, குடையின் காம்பைத் தேடிவிட்டு வந்தாள். வந்து உட்கார்ந்து தன் படத்தில் குடையை முழுதாக வரைந்தாள். காம்பைத் தாளின் ஓரம்வரை நீட்டி நிறுத்தினாள். கையை வரையவில்லை. பன்னிரண்டரை மணி வரை வரைந்தாள். என் வலத்தோள் மரத்துப்போக, குடையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டேன். இறங்கி வரும் வழியில் மீதியிருந்த பனங்கிழங்கைத் தின்றோம். திண்டிவனம் தாண்டியதும் ஞாயிறு மாலை நெரிசல் பிடித்துக்கொண்டது. வண்டலூர் வருவதற்குள் இருட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் குடை பனைமலையிலேயே தங்கிவிட்டிருந்தது.